இரண்டு டி. பவல்கள்

மேனர் இல்லம், ப்ரெக்கன்
மார்ச் 6, 1922

அன்புள்ள வினிஃப்ரெட்,

உன் இருமல் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். தோட்ட வீட்டின் புகைபோக்கியைப் பார்க்க இந்த வாரமே ஆள் வருவான்.

இத்துடன் உள்ளது போர் அமைச்சகத்துக்குப் பழைய அதிகாரிகள் நாங்கள் அனுப்பவிருக்கும் விண்ணப்பம். இனி அதிகாரிகளுக்கும் எண் உண்டாம், அதை எதிர்த்துத்தான். சிப்பாய்க்கு எண் இருந்தது, அவன் துப்பாக்கிக்கு இருந்தது, கோவேறு கழுதையின் குளம்பில்கூடச் சூடு போட்டிருந்தோம். எங்களுக்குப் பெயரே போதுமாக இருந்தது. கிழவர் மெய்ட்லண்ட் நேற்று கிளப்பில், "இனிமே சூப் வேணும்னாலும் நம்பரச் சொல்லித்தான்யா கேக்கணும்" என்றார். சிரித்தோம், ஆனால் உள்ளூர வலித்தது.

போரில் இறந்த அதிகாரிகளின் தாய்மார்கள் கையெழுத்திட்டால் எடை கூடும். 'லெப்டினன்ட் டி. பவலின் தாய்' என்று உனக்கு இடம் விட்டிருக்கிறேன். ட்ரெவர் என் தம்பி மகன் மட்டுமல்ல, என் படைப்பிரிவின் பிள்ளையும்கூட. நீ மறுக்க மாட்டாய்.

உன் அன்புள்ள
ஹெர்பர்ட்


தோட்ட வீடு
மார்ச் 8

அன்புள்ள ஹெர்பர்ட்,

ஆள் வந்தான். புகை குறைந்திருக்கிறது, இருமலும்தான். நன்றி.

விண்ணப்பத்தில் நான் கையெழுத்திடவில்லை.

உங்களுக்கு அன்புடன்
வினிஃப்ரெட்


மேனர் இல்லம்
மார்ச் 9

அன்புள்ள வினிஃப்ரெட்,

ஒரே வரியில் மறுப்பா? நீ படித்த கல்லூரியில் காரணம் சொல்லக் கற்றுத் தரவில்லையா? பட்டியலில் மற்ற ஏழு தாய்மார்களும் இட்டுவிட்டார்கள். என் சொந்தத் தம்பியின் மனைவி மட்டும் இடவில்லை என்றால் நான் கிளப்பில் என்ன சொல்வது?

யோசித்து எழுது. ஞாயிறு பகலுணவுக்கு வா, ஆட்டுக்கால் வாட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஹெர்பர்ட்


தோட்ட வீடு
மார்ச் 11

அன்புள்ள ஹெர்பர்ட்,

காரணம் கேட்டீர்கள்.

உங்கள் படைப்பிரிவில் இரண்டு லெப்டினன்ட் டி. பவல்கள் இருந்தார்கள். ஒருவன் ட்ரெவர். மற்றவன் டெக்வின், ட்ரெடிகர் ஊர்ச் சுரங்கத் தொழிலாளியின் மகன், சிப்பாயாக இருந்து உயர்ந்தவன். ட்ரெவர் விழுந்த அன்று நீங்கள் உங்கள் கையால் 'லெப்டினன்ட் டி. பவல்' என்று மட்டும் எழுதி அனுப்பினீர்கள். எந்தப் பவல் என்பது உங்கள் அதிகாரிகள் உணவுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். லண்டனில் இருந்த குமாஸ்தாவுக்குத் தெரியாது. பெயர் வரிசையில் டெக்வின் முன்னால் வந்தான். மரணத் தந்தி ட்ரெடிகருக்குப் போனது.

டெக்வினின் தாய் ஹானா கறுப்புடுத்தி அழுதாள். நான் இங்கே ட்ரெவருக்குப் பிளம் கேக் செய்து தகரப் பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தேன். பிறகு, தந்தி சொன்ன நாளுக்குப் பின் அவள் மகன் தன் கையாலேயே எழுதிய அட்டை அவளுக்கு வந்திருக்கிறது. ப்ரெக்கன்காரனான இன்னொரு டி. பவல் உண்டென்று அவன் முன்பே எழுதியிருந்ததால் அவளுக்குப் புரிந்துவிட்டது. உங்கள் இரங்கல் கடிதம் என்னை வந்தடையும் முன்பே அவள் ரயிலேறி என் வாசலுக்கு வந்தாள்.

"அம்மா, இது உங்களோடது. நான் வச்சிருக்கக் கூடாது" என்று தந்தியை நீட்டினாள்.

உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். தேநீரைத் தொடவில்லை. "எம் பையன் சிப்பாயா இருந்தப்ப நம்பரையும் சேத்து பவல் நாப்பத்திமூணுன்னு கூப்பிடுவாங்க. அந்தப் படையில பத்துப் பவலாவது இருப்பானுங்க, ஒருநாளும் மாறிப்போனதில்ல. ஆபீசரானதும் நம்பரை எடுத்துட்டாங்க. இனிமே நான் வெறும் பவல்தான்மான்னு பெருமையா எழுதினான் பாவி" என்றாள். கிளம்பும்போது, "சந்தோஷப்படவும் பயமா இருக்குங்க" என்றாள்.

எண் உங்களைச் சிறுமைப்படுத்துகிறது என்கிறீர்கள். யாரோடு ஒரே வரிசையில் நிற்க நேர்கிறது என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஞாயிறு வர இயலாது.

வினிஃப்ரெட்


மேனர் இல்லம்
மார்ச் 13

வினிஃப்ரெட்,

குண்டு மழையில் எழுதிய தாள் அது. அன்று பதினொரு அதிகாரிகளை இழந்தேன். அதைச் சாய்வு நாற்காலியிலிருந்து விசாரிக்காதே.

நான் வீடு கொடுத்தபோது எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. இன்றும் வைக்கவில்லை. ஆனால் பவல் குடும்பத்தின் கூரைக்குக் கீழ் வாழ்பவர்கள் பவல் குடும்பத்தோடு நிற்பார்கள் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை உண்டு. விண்ணப்பம் வெள்ளிக்கிழமை போகிறது. அதற்குள் கையெழுத்து வர வேண்டும்.

ஹெர்பர்ட் பவல்


தோட்ட வீடு
மார்ச் 15

அன்புள்ள ஹெர்பர்ட்,

நிபந்தனை புரிந்தது. நியூபோர்ட்டில் பெண்கள் பள்ளி ஒன்றில் வரலாறு கற்பிக்க ஆள் தேடுகிறார்கள். போன வாரமே எழுதியிருந்தேன், வரச் சொல்லிவிட்டார்கள். நாளை காலை வண்டிக்காரர் வருகிறார். வீட்டைப் பெருக்கி வைத்திருக்கிறேன். ட்ரெவரின் புத்தகங்களை எடுத்துப் போகிறேன். அவனுடைய வாள் உங்களிடமே இருக்கட்டும்.

அன்று பதினொரு பேரை இழந்தீர்கள். அந்தத் துக்கத்தை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை.

விண்ணப்பத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். 'லெப்டினன்ட் டி. பவலின் தாய்' என்ற இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதில் கையெழுத்திட இன்னொருத்திக்கும் உரிமை உண்டு. ட்ரெடிகரில் இறங்கி ஹானா பவல் வீடு என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். எண் வேண்டாம் என்று அவளிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள்.

வினிஃப்ரெட் பவல்