ஏழு வாரம் முந்திப் பிறந்தவள்

பெர்மண்ட்சி, லண்டன்
பிப்ரவரி 9

அன்புள்ள கிளெம் அண்ணாவுக்கு,

வின்னி எழுதுகிறேன். ஹோபார்ட்டில் ஆஸ்திரேலிய வெயில் எப்படி? உன் முதுகுவலி எப்படி? இங்கே எல்லோரும் நலம். எனக்கு மட்டும் ஒரு வாரமாக வயிறு எரிகிறது. மருந்து வேண்டாம், கோபம்தான்.

என் மகள் நெட்டாவை நம் ஏணி செய்வோர் சங்கத்தில் சேர்க்கப் போனேன். அம்மா உறுப்பினர், அதனால் பிறப்புரிமையில் சேரலாம் என்று புதுப் பாவாடையெல்லாம் வாங்கி வைத்திருந்தாள். சங்கச் செயலர் ஃபாஸ்கெட் பழைய பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "இவங்க பொறந்தப்போ நீங்க உறுப்பினரே இல்லையேம்மா. ஏழு வாரம் முந்திப் பொறந்துட்டாங்க" என்றார். "அவ அப்பவே அவசரக்காரிங்க. திருப்பி உள்ள அனுப்பியிருக்கணுமா?" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யார் பார்த்திருக்கிறார்கள்!

பணம் கட்டிச் சேரலாமே என்று வழி சொன்னார். வங்கிக்காரர்களும் வக்கீல்களும் அப்படித்தான் வருகிறார்களாம். அண்ணா, நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஏணி செய்கிறவள் நான் ஒருத்திதான். இந்த வருஷத் தலைவர் காப்பீடு விற்கிறவர். ஏணியைக் காட்டினால் லிஃப்ட் எங்கே என்று கேட்பார். போன நவம்பரில் மேயர் ஊர்வலத்தில் அவர் ரோமம் வைத்த அங்கியோடு வண்டிமேல் ஓர் ஏணியில் சாய்ந்து நின்றாரே, அந்த ஏணி நெட்டா செய்தது. இருபத்திரண்டு படி, ஒவ்வொன்றும் அவள் கையால் இழைத்தது. இப்போது அது விருந்துக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. ஏணி உள்ளே போகலாம். செய்தவள் வாசலில் நிற்க வேண்டும்.

"காசு குடுத்து உள்ள வர நான் என்ன வக்கீலாம்மா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனாள். பாலம் வரைக்கும் நான் பின்னாலேயே ஓட வேண்டியிருந்தது.

இப்போது உன் பக்கம் வருகிறேன். அவள் பிறந்த வருஷம் மார்ச் மாதமே என் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டியது. அன்று காலை அங்கி மாட்டிக்கொண்டு எட்டு மாத வயிற்றோடு கூடத்து வாசலில் நின்றேன். நீ ரோம்ஃபோர்டில் நாய்ப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தாய். போனில் என்ன சொன்னாய்? "வின்னிக்குட்டி, ஜூனுக்குத் தள்ளி வைடி. ரெண்டு பேரும் சேந்து நிப்போம்." அண்ணன் இல்லாமல் சத்தியம் எடுப்பதா என்று நானும் தள்ளினேன். நடுவில் இவள் பிறந்தாள். அந்த நாய் எத்தனையாவதாக வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் நான் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

நெட்டாவுக்கு இது தெரியாது.

மறுநாள் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். "உன்கிட்டயே தொழில் பழகுறவளா கையெழுத்துப் போடறேன். நாலு வருஷம் பழகி முடிச்சா உறுப்பினர்தானே, அப்புறம் யாரு தடுப்பா?" இருபத்தேழு வயசில், பத்து வருஷமாகச் செய்கிற தொழிலைப் பழகப் போகிறாளாம்! இதோடு வைத்திருக்கும் ஒப்பந்தத்தைப் படித்தாயானால் சிரிப்பாய். சாராயக் கடைக்குப் போகக் கூடாது, தாயம் உருட்டக் கூடாது, ஆசான் சம்மதமில்லாமல் கல்யாணம் கூடாது. இவளோ சனிக்கிழமைகளில் பப்பில் பீர் ஊற்றுகிறவள், கல்யாணமாகி ஐந்து வருஷம். ஆசான் நான்தானே, எல்லாவற்றுக்கும் சம்மதம் எழுதிக் கொடுத்தேன். மாப்பிள்ளை டெரிக் தொப்பியைக் கழற்றி, "இப்பவாவது அனுமதி குடுத்தீங்களே அத்தை" என்று கும்பிட்டான்.

ஒப்பந்தத்துக்கு உறுப்பினர் இரண்டு பேர் சாட்சி வேண்டும். ஊர்வலத்தில் சங்கக் கோல் பிடிக்கிற ஹம்ஃப்ரி உடனே போட்டார். இரண்டாவதை நானே போடுகிறேன் என்று ஃபாஸ்கெட் பேனாவைத் திறந்தார். மூடி உள்ளே வையுங்கள் என்றேன். நீயும் உறுப்பினர்தானே, அந்த இடம் உன்னுடையது. பென்சிலால் கட்டம் போட்டிருக்கிறேன், தப்பாமல் போடு.

கையெழுத்தை மட்டும் அனுப்பாதே. அந்த மார்ச் மாதத்தைப் பற்றி நெட்டாவுக்கு நீயே ஒரு கடிதம் எழுது. நான் சொன்னால் திட்டாகத்தான் வரும். அவளுக்கு உன்மேல் கொள்ளைப் பிரியம், அதை என் வாயால் கெடுக்க மனசில்லை.

நாலு வருஷம் கழித்து அவள் சத்தியம் எடுக்கும்போது அவள் பக்கத்தில் நிற்க, கடவுள் உன் முதுகுக்குத் தெம்பு கொடுக்கட்டும்.

கோபம் ஆறாத தங்கை,
வின்னி