ஜாஞ்ச் சஸ்தர்

ஜபல்பூர், 12.7.1978

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

நானும் என் தொப்பையும் நலம். விளாங்குடியில் நீயும் மகள் பாண்டியம்மாளும் நலமா?

இங்கே பட்டாளத்தில் ‘ஜாஞ்ச் சஸ்தர்’ என்று ஓர் உத்தரவு. துப்பாக்கியைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்ட வேண்டும். வாய்ச்சொல் செல்லாது. நேற்று சுட்டுப் பழகிய பிறகு, “காலிதான் சாப்” என்று நெஞ்சை நிமிர்த்தினேன். திறந்தால் ஒன்று குதித்து விழுந்தது. நாற்பத்திரண்டு வயதில் மைதானத்தை ஆறு சுற்று ஓடினேன். பயல்கள் கைதட்டினார்கள்.

அதிலிருந்து யாரையும் நம்புவதில்லை, உன்னையும்தான். மூன்று மாதமாகக் கடிதமெல்லாம் மகள் கையெழுத்து. “அம்மா சுகம்” என்கிறாள். அம்புட்டு சுகமாக இருப்பவளுக்குப் பேனா பிடிக்க என்ன வந்தது? உடம்புக்கு ஏதோ இருக்கிறது, மறைக்கிறீர்கள்.

பருப்புப்பொடி அனுப்பு. பொட்டலத்தின் மேல் விலாசத்தை நீயே எழுது.

பிகில் ஊதிவிட்டான், ஓடுகிறேன்.

முத்துக்கருப்பன்