இடது கையின் அளவு

லஸ்க், வயோமிங்
1996 மார்ச் 4

வெண்டல்,

நீ பிரிந்துபோன இந்த மூன்று வருஷத்தில் உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதைத் துப்பாக்கிக் கடைக்காரனிடம் கேட்பதாக வைத்துக்கொள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். போன வாரம் இரண்டு முறை யாரோ பின்கதவின் பிடியைத் திருகிப் பார்த்தான். ஷெரீப் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. எனக்கு ஒரு பிஸ்டல் வேண்டும். கையைத் தாளில் வைத்து வரைந்து வரச்சொல்லி உன் கடைச் சுவரில் எழுதியிருப்பாயே, அப்படியே வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். போன் வேண்டாம், சண்டையில் முடியும். எழுது.

ஆர்லீன்


காஸ்பர்
மார்ச் 8

அன்புள்ள ஆர்லீன்,

முதலில் பின்கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடு. பிஸ்டல் அதற்கு அப்புறம்தான்.

பெண்களுக்குக் குட்டிப் பிஸ்டல்தான் சரி என்று எவன் சொன்னாலும் நம்பாதே. அதில் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது, சுடும்போது கையில் உதையும் அதிகம். கைப்பிடி தடித்தால் உன் விரல் விசையை எட்டாது. நடுவாக, மெலிந்த கைப்பிடியுள்ள ஒன்பது மில்லிமீட்டர் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். நானே முந்நூறு தோட்டா சுட்டுப் பார்த்தேன், ஒன்றுகூடச் சிக்கவில்லை. தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டும் கட்டைவிரலுக்கு நேராக விழும்.

பழைய வாடிக்கை டுவைட் பார்த்துவிட்டு, "யாருக்குப்பா இவ்ளோ பாத்துப் பாத்து எடுக்குற? எனக்கெல்லாம் ரெண்டு நிமிஷத்துல தலையில கட்டிருவியே!" என்றான். "உன் தலை பெருசு, தாங்கும்" என்றேன்.

வெண்டல்


லஸ்க்
மார்ச் 13

வெண்டல்,

தாழ்ப்பாள் போட்டாயிற்று.

எந்தக் கட்டைவிரலுக்கு நேராக? நான் இடதுகைக்காரி. பென்சில் இடது கையில் இருந்ததால்தான் வலது கையை வரைந்தேன். முழங்கை இடிக்கக் கூடாதென்று இருபத்திரண்டு வருஷம் சாப்பாட்டு மேஜையில் உன் இடப்பக்கமே உட்கார்ந்தேன். விரல் நீளம்வரை பார்த்தவனுக்கு இது மறந்துவிட்டது. எப்போதும் இதேதான் உன்னோடு.

இப்போது இடது கையை வரைந்திருக்கிறேன். கோடு கோணலாகத்தான் இருக்கும். இதுவும் சரிவராவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் உனக்கு எழுத மாட்டேன்.

ஆர்லீன்


காஸ்பர்
மார்ச் 17

அன்புள்ள ஆர்லீன்,

மறந்தது நிஜம். கடைக்கு யார் வந்தாலும் எந்தக் கை என்றுதான் முதலில் கேட்பேன். உன்னிடம் கேட்கவில்லை. உன்னைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற திமிர்.

அந்தப் பிஸ்டலை அலமாரியிலேயே திரும்ப வைத்துவிட்டேன். இருபக்கமும் பூட்டுள்ள ஒன்று இருக்கிறது. ஒரு ரிவால்வரும் இருக்கிறது. அதற்கு இடது வலது பெரிதாகக் கிடையாது, சிக்காது, ஆனால் விசை கனம். நீ நேரில் வந்து பிடித்துப் பார்க்க வேண்டும். துப்பாக்கி வாங்கும் படிவத்தில் கையெழுத்தும் போட வேண்டும். இனித் தாளை நம்பி எடுப்பதாக இல்லை.

இன்னொன்று. உன் கோணல் கோட்டில் மோதிர விரலின் அடியில் ஒரு சின்ன மேடு தெரிகிறது. பென்சில் வழுக்கியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். சுடும் கையில் மோதிரம் இருந்தால் ஒவ்வொரு உதைக்கும் விரலைக் கடிக்கும். வருகிறவர்கள் எல்லோரையும் கழற்றச் சொல்வேன். உன்னிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெண்டல்


லஸ்க்
மார்ச் 20

அன்புள்ள வெண்டல்,

விரல் வீங்கிவிட்டது, கல்யாண மோதிரம் கழலாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். சோப்புப் போட்டால் வந்துவிடும்.

அது அங்கேயே இருக்கட்டும். கடித்தால் கடிக்கட்டும், அதற்கு ஒத்துவரும் கைப்பிடியாகப் பார்த்து வை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு வருகிறேன். டுவைட்டை எங்காவது அனுப்பிவிடு.

கையெழுத்துப் போட்டபின் சாப்பிடப் போகலாம். நான் சொல்ல மாட்டேன். எந்தப் பக்கம் உட்கார வேண்டுமென்று நீயே பார்த்து உட்கார்.

ஆர்லீன்