கொழுப்புக் கையோடு போட்ட கையெழுத்து

அன்பு மகள் ஐபெரிக்கு அப்பா எழுதுவது. அந்தக் குளிரில் நீ வயிறாரச் சாப்பிட்டு, நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் நலம் என்று எழுதச் சொல்லி உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், எழுதிவிட்டேன், ஆனால் அது பொய். உன் மகள் பெகாயிமுக்கு மஞ்சள் காமாலை, பதினோரு நாளாக மாவட்ட ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், கண்ணெல்லாம் மஞ்சள். போனில் உன் அழுகையைக் கேட்கத் தைரியமில்லாமல்தான் மாஸ்கோவுக்கு வண்டி ஓட்டும் தாலந்த்திடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். டாக்டரம்மா என்னைத் திட்டினாள், "பிள்ளைக்கு இன்னுமா வாய்க்கால் தண்ணி குடுக்கறீங்க? உங்க ஊருக்குத்தான் குழாய் வந்துருச்சே!" என்று.

நான் குழாயைத் திறக்கிற மாதிரி படம் அனுப்பினேனே, அந்தத் தண்ணீர் அன்றைக்கு லாரியில் கொண்டுவந்து தொட்டியில் ஊற்றியது மகளே. பிறகு தோண்டிப் பார்த்தோம், நாற்பது அடியோடு குழாய் முடிந்துவிட்டது, அதற்கப்புறம் வெறும் மண். திறப்பு விழாவுக்கு மாவட்டத் தலைவர் குதிரை அடித்து விருந்து போட்டார். ஊருக்கு மூத்தவன் என்று ஆட்டுத் தலையை என் முன்னால் வைத்தார். நானும் கையேந்தி, இந்தத் தண்ணீர் வற்றாதிருக்கட்டும் என்று வாழ்த்தி முகத்தைத் தடவிக்கொண்டேன். கையில் கொழுப்பு காய்வதற்குள் ஒரு தாள் வந்தது. "விருந்துக்கு வந்தவங்க பேருதான் பெரியவரே, சும்மா ஒரு கையெழுத்து" என்றார்கள். ஒருவர் வீட்டு உப்பைத் தின்றுவிட்டு, அவர் எதிரிலேயே தாளைப் படித்துப் பார்ப்பார்களா? இருபத்தேழு பேரும் போட்டோம், முதல் கையெழுத்து என்னுடையது. குழாய் முழுதும் வந்தது, ஊர் ஏற்றுக்கொண்டது என்று எழுதிய தாளாம் அது.

மாவட்ட அலுவலகத்துக்கு மனு கொண்டுபோனால் அந்தத் தாளை எடுத்து நீட்டி, "அப்ப பொய் சொன்னீங்களா, இப்ப பொய் சொல்றீங்களா?" என்று சிரிக்கிறான் ஒரு பொடியன். குழாய் உள்ள ஊர் என்று தண்ணீர் லாரியையும் நிறுத்திவிட்டார்கள். ஆப்ரிகாட் உலர்த்தும் ஆலை வைக்க வந்தவர்கள் குழாயைத் திருகிப் பார்த்துவிட்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார்கள். உனக்கு அங்கே வேலை சொல்லி வைத்திருந்தேன். நான்கு வருடமாக வா, வா என்று எழுதிய நான் இப்போது சொல்கிறேன், இங்கே வாழ வராதே. பெகாயிமைக் கூட்டிக்கொண்டு போக மட்டும் வா, சீக்கிரம் வா. படிக்காமல் போட்டேன் என்று நாளை எழுதிக் கொடுக்கப் போகிறேன். பொய்ச் சான்று கொடுத்ததாக என்மேல்தான் வழக்கு வருமாம், வரட்டும். நான் உள்ளே போய்விட்டால் உன் அம்மாவால் தனியாகக் குழந்தையைப் பார்க்க முடியாது. எனக்கு வேறு வழி தெரியவில்லை மகளே.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. வேலை இடத்தில் எந்தத் தாளை நீட்டினாலும் படித்துப் பார். வெறும் குழாயை வாழ்த்திய கையால் உன்னை வாழ்த்தக் கூசுகிறது, ஆனால் என்னிடம் வேறு கை இல்லை. நன்றாக இரு.

இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும்
உன் அப்பா,
கல்முரத்