முக்கால் சம்மதம்

ஜன்னல் சட்டம் உப்புக்காற்றில் இற்றுப்போனதால், நேற்று ஒரு தச்சரை வரவழைத்தேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலைப் பார்த்ததும் என் கை தானாக நீண்டுவிட்டது. ஒரு முனை சிவப்பு, மறுமுனை நீலம். இந்தக் காலத்திலும் அது கிடைக்கிறதென்று எனக்குத் தெரியாது.

"இன்னா பெருசு, பென்சில அப்டிப் பாத்துகினு கீற?" என்றார். வாங்கி, பழைய காலண்டர் தாளில் நீலத்தால் ஒரு கோடு போட்டேன். நீ போய் மூன்று வருடமாகிறது. அந்தக் கோட்டைப் பார்த்து அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பாவம், தச்சர்தான் பதறிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

நமக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம் அது. அறுபதுகளின் நடுப்பகுதி. நான் துறைமுகத்தில் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தேன். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கி வெளியே வைக்கும் வேலை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தால் இறங்கும் சரக்கை எழுதிவைக்கும் டாலி கிளார்க் ஆகலாம் என்று மேஸ்திரி ஆசை காட்டியிருந்தார். எனக்கோ ஆங்கில இரண்டாம் தாள் இரண்டு முறை காலை வாரிவிட்டது. கட்டுரை, வாதம், கடிதம் என்று முழுக்க எழுதுவதுதான் அந்தத் தாள். நீ திருவொற்றியூர்ப் பெண். தீப்பெட்டித் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகள். சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் படித்து, அதே தாளில் வகுப்பிலேயே முதலாக வந்தவள். மூன்றாவது முறை எழுதப்போகிறேன் என்றதும், "நான் சொல்லித் தர்றேன்" என்றாய். உள்ளுக்குள் சந்தோஷம்தான். வெளியே, "பாக்கலாம்" என்று பெரிய மனிதன்போல் சொன்னேன்.

அதே மாதம் உனக்கும் ஒரு தாள் வந்தது. உன்னை மறக்காத பழைய சிஸ்டர் அனுப்பிய ஆசிரியப் பயிற்சி விண்ணப்பம். இரண்டு வருடப் படிப்பு, ராயபுரத்திலிருந்து ரயிலில் போய்வரலாம். எல்லாவற்றையும் நீயே அழகாக நிரப்பிவிட்டாய். கணவர் கையெழுத்துப் போடும் இடம் மட்டும் காலியாக இருந்தது. நான் முடியாது என்றேன். அம்மாவுக்கு வயதாகிறது, வீட்டை யார் பார்ப்பது, நம் குடும்பத்தில் அது வழக்கமில்லை என்று என்னென்னவோ சொன்னேன். நீ வாதாடவில்லை. தாளை மடித்துத் துணிப்பெட்டியில் வைத்தாய். கடைசி நாள் அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அம்மா ஆறு மணிக்கு ஜெபமாலைக்குக் கிளம்பினால் திரும்ப ஏழரையாகும். அந்த ஒன்றரை மணி நேரம்தான் நமக்குப் பள்ளிக்கூடம். "பொஞ்சாதியாண்ட பாடம் படிக்கிற ஆம்பளைய இப்பத்தான் பாக்குறேன்" என்று சொல்லிக்கொண்டேதான் அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுப் போவாள். போகும்போது கதவையும் சாத்திவிட்டுப் போவாள். அவளுக்கு எல்லாம் புரியும்.

முதல் நாள் நான் எழுதிக் கொடுத்தது 'மறக்க முடியாத பயணம்'. நோட்ஸ் புத்தகத்தில் இருந்ததை வரிக்கு வரி நெட்டுருப் போட்டு இறக்கிவைத்தேன். நீ உன் சிவப்பு-நீல இரட்டைப் பென்சிலை எடுத்தாய். சிவப்பு இரண்டே இடத்தில்தான் விழுந்தது. பிறகு பென்சிலைத் திருப்பிப் பிடித்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நீலமாகக் கோடு இழுத்துக்கொண்டே போனாய்.

"இன்னா இது, நீலம்?"

"செவப்பு தப்புக்கு. நீலம் பொய்க்கு. ஊட்டிக்கு எப்ப போனீங்க?"

"நோட்ஸ்ல கீது."

"நோட்ஸ் போச்சு ஊட்டிக்கு. நீங்க போகலியே? கல்யாணமான புதுசுல எண்ணூருக்குப் போனோமே, அத எழ்துங்க."

"எண்ணூர எழ்தினா மார்க்கு போடுவானா?"

"பேப்பர் திருத்தறவரு நூறு ஊட்டி பாத்துட்டு ஒக்காந்துகினு இருப்பாரு. எண்ணூரு ஒண்ணே ஒண்ணுதான் வரும்."

எழுதினேன். முகத்துவாரத்து மணல், உன் கால்விரலைப் பிடித்த நண்டு, பஸ்ஸைத் தவறவிட்டு நெட்டுக்குப்பம் பக்கம் நடந்தது, எல்லாம். தாள் முழுக்க ஒரே சிவப்பு. நீலம் ஒரே இடத்தில்தான். 'அவ்வளவு தூரம் நடந்தும் எனக்குக் களைப்பே இல்லை' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். "வழி பூரா மொணமொணத்துகினே வந்தீங்க" என்று சிரித்தாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படிப்பு என்றாலே பயந்துகொண்டிருந்த எனக்கு, அன்றுதான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

நான் எவ்வளவு அற்பனாக இருந்தேன் என்பதையும் இதில் சொல்லியாக வேண்டும். வாதக் கட்டுரை எழுதிப் பழகவேண்டிய வாரம் வந்தது. பழைய கேள்வித்தாள்களைப் புரட்டி, 'பெண்கள் வேலைக்குப் போவது நல்லதா?' என்ற தலைப்பை நானேதான் தேடி எடுத்தேன். இதைப் படித்தாவது உனக்குப் புரியட்டும் என்ற எண்ணம். கூடாது என்று மூன்று பக்கம் வெளுத்து வாங்கினேன். அடுப்பு அணைந்து கிடக்கும், பிள்ளைகள் தெருவில் நிற்கும், வயதான தாய்மார் கஞ்சிக்கு ஏங்குவார்கள். நோட்ஸ் பக்கமே போகவில்லை. எல்லாம் சொந்தச் சரக்கு.

நீ நிதானமாகப் படித்தாய். சிவப்பில் ஏழெட்டுத் திருத்தம். பென்சிலைத் திருப்பினாய். நீல முனை தாளுக்கு மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே வைத்துவிட்டாய்.

"ஒரு எடத்துலகூட நீலம் இல்ல. மனசார எழ்திகீறீங்க. பத்துக்கு ஏழு."

அவ்வளவுதான் சொன்னாய். உலை கொதிக்கிறதா என்று பார்க்க எழுந்து போய்விட்டாய். அதுவரை நான் வாங்கியதிலேயே அதுதான் அதிக மார்க். ஜெயித்துவிட்டேன். ஆனால் அன்று ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்கார்ந்தாய். "பரிட்சையில ரெண்டு பக்கமும் எழ்தச் சொல்வாங்க. இன்னைக்கு எதிர்க்கட்சி."

"நான் கட்சி மாற்ற ஆளு இல்லடி."

"மார்க்குக்குத்தான். ஓட்டா கேக்குறேன்?"

நோட்ஸைப் பிரித்து, நாட்டின் முன்னேற்றம், சமுதாயத்தின் இரு கண்கள் என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். முழுக்க நீலம். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். "உங்களுக்கே நம்பிக்கை இல்லாதத அவரு எப்டிங்க நம்புவாரு? ஒரே ஒரு வரி நெஜமா எழ்துங்க, போதும்" என்று நோட்ஸை எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாய்.

எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் இல்லை. அந்த ஒரு வரி எனக்குத் தெரிந்தே இருந்ததால் வந்த கோபம். உன்னைப் பார்க்காமல் திரும்பி உட்கார்ந்து எழுதினேன். என் மனைவி எனக்குச் சொல்லித் தருவதுபோல் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை என்று எழுதினேன். பேனா அதோடு நிற்கவில்லை. அம்மாவோ வீடோ காரணமில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதினேன். அவள் டீச்சராகிவிட்டால், பரீட்சையில் தோற்ற என்னைத் தெருவில் டீச்சர் வீட்டுக்காரன் என்று கூப்பிடுவார்கள். எனக்கென்று இருக்கிற பெயரும் போய்விடும். இதையெல்லாம் தமிழில் உன்னிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். அரைகுறை ஆங்கிலமாக இருந்ததால் வந்துவிட்டது.

நீ படித்தாய். சிவப்பும் போடவில்லை, நீலமும் போடவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாய். அம்மா வந்துவிட்டாள். "இன்னாடா, டீச்சராண்ட அடி வாங்கினியா?" என்று கேட்டாள்.

அது புதன்கிழமை. வியாழக்கிழமை நீ வழக்கம்போல் கடிதப் பகுதியைச் சொல்லித் தந்தாய். எனக்குத்தான் தாங்கவில்லை. "நான் கையெழுத்து போடலன்னாலும் சொல்லித் தருவியா?" என்று கேட்டேன்.

"அது வேற, இது வேற. இது உங்க பரிட்சைங்க" என்றாய். நீ சண்டை போட்டிருக்கலாம். அழுதிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நானும் பிடிவாதமாக இருந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை, உன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். வின்ச்சைப் பிடித்திருந்தாலும் மனம் வேலையில் நிற்கவில்லை. ஒரு மூட்டையை இடம் தவறி இறக்கி, கீழே நின்றவர்களிடம் நல்ல வசவு வாங்கினேன். மேஸ்திரியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, பதினொரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டேன். நீ அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். துணிப்பெட்டியைத் திறந்து தாளை எடுத்தேன். அந்த இடம் காலியாகவே இருந்தது.

"என் கையெழுத்து ஒனக்குத் தெரியாதா? நீயே போட்டுக்கினு போயிருக்கலாமே?"

"போட்டிருக்கலாம். அப்பால அதுக்கு அடியில நானே நீலக்கோடு போடணும்."

பேனாவைத் திறந்தேன். நீ என் கையைப் பிடித்து நிறுத்தினாய். "மேல அச்சடிச்சிகீறத படிங்க. 'முழுமனதுடன் சம்மதிக்கிறேன்'னு கீது. முழுசாவா?"

அந்த நேரத்தில் உன்னிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "முக்கால்" என்றேன்.

சில நாட்களாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு உனக்கு அப்போது வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. "முக்கால் போதும். போடுங்க" என்றாய். போட்டேன். முறத்தை அப்படியே வைத்துவிட்டு, புடவையைக்கூட மாற்றாமல் ஸ்டேஷனுக்கு ஓடினாய். மிச்ச அரிசியை நான்தான் புடைத்தேன். பாதி தரையில் கொட்டி, அம்மாவிடம் அதற்கும் வசவு வாங்கினேன்.

அந்த முறை நான் பாஸாகிவிட்டேன், எல்லைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு. வின்ச் மேலிருந்து தெரியும் துறைமுகத்தைப் பற்றி எழுதினேன், நோட்ஸில் இல்லாததை. நீயும் படித்து முடித்து, திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தாய். முதல் நாள் குடையும் கையுமாக நீ தெருவில் இறங்கியபோதும் எனக்கு முக்கால்தான். தெருமுனை டீக்கடையில் யார் சிரிக்கிறார்கள் என்றுதான் பார்த்தேன்.

மிச்சமிருந்த கால் பங்கு எப்போது வந்தது என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எழுபதுகள் பிறந்து சில வருடமிருக்கும். காசிமேட்டில் மீன் வாங்கப் போயிருந்தேன். உன் வகுப்பில் படித்த ஒரு பெண்ணின் அம்மா கூடை வைத்து உட்கார்ந்திருந்தாள். "யோவ் டீச்சர் வூட்டுக்காரரே! வஞ்சரம் சோக்கா கீது, இங்க வாய்யா" என்று சந்தை முழுக்கக் கேட்கக் கத்தினாள். திரும்பி, "இன்னா வெல?" என்றேன். பேரம் பேசி வாங்கி, பாதி தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது. கூப்பிட்டாள், திரும்பினேன், வலிக்கவே இல்லை.

வீட்டு வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்த என்னை, "இன்னாங்க, தனியா நின்னுகினு சிரிக்கிறீங்க?" என்று கேட்டாய். மீன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். உன்னிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எத்தனை சந்தோஷப்பட்டிருப்பாய்! சொல்லாமல் விட்டது என் தப்புதான்.

நீ போன பிறகும் இந்தத் தெருவில் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். புதிதாகக் குடிவந்தவர்களுக்கு நீ யாரென்றே தெரியாது. மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு அவர்களும் டீச்சர் வீட்டுக்காரர் என்கிறார்கள். போன வாரம் கோயிலைத் தாண்டி வரும்போது, பின்னாலிருந்து யாரோ என் சொந்தப் பெயரைச் சொல்லி இரண்டு மூன்று முறை கூப்பிட்டார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, நான் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன்.