செங்கோதைக்கு நெஞ்சுவலி

என் அக்காவுக்கு, எனக்கென்று இருந்த ஒரே அக்காவுக்கு,

ஆலங்குடியில் இன்னும் மழை இல்லை. என் கடை அப்படியேதான் இருக்கிறது. ஜெராக்ஸ் மிஷின் பழையபடி நடுவில் தாளைக் கடித்துக்கொள்கிறது. நீ போய் நாலு மாதம் ஆகிவிட்டது. துக்கத்தில்தான் உன்னைப் பற்றிப் பேசாமல் இருக்கிறேன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். துக்கம் இல்லை அக்கா, பயம்.

நீ எழுதிய ‘பெருநாகன் குடும்பம்’ கார்ட்டூன் இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறது. யாரோ புதிதாக எழுதுகிறார்கள். பெருநாகன் குகை வாசலில் நின்று தூதுப் புறாவின் தலையைத் தட்டி “சிக்னல் இல்லை” என்கிறான். மாட்டுவண்டி ஷேர் ஆட்டோவில் பதினாலு பேர் தொங்குகிறார்கள். ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய வீட்டில் நீ கொண்டுபோய் வைத்த நம்ம காலத்துச் சாமான்கள் எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. அவன் பொண்டாட்டி செங்கோதை மட்டும் இப்போது சும்மா கத்துகிறாள். உன் செங்கோதை எங்கே கத்தினாள்? புருஷன் ஒன்று சொன்னால் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாதிப் பதிலை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவாள். அந்த விழுங்கின பாதிக்குத்தான் ஊரே சிரித்தது.

உன் பதினாறாம் நாள் காரியத்தில் அத்தான் என்ன சொன்னார் தெரியுமா? பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களிடம், “அந்தப் பெருநாகன் வேற யாருமில்லைங்க, நான்தான். என்னையப் பாத்துத்தான் அம்புட்டும் எழுதுனா” என்றார். பெருமையாகச் சொன்னார். என் கையில் சாம்பார் வாளி இருந்தது. அதை அவர் தலையில் கவிழ்த்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

பெருநாகன் சந்தையிலிருந்து இரண்டு ஈமத்தாழி வாங்கி வருவானே, தனக்குப் பெரிசு, செங்கோதைக்குச் சின்னது. “செத்தப்பறம் நீ கொஞ்சம் ஒடுங்கிப் படுத்துக்க மாட்டியா?” என்று கேட்பான். அவள் உள்ளே இறங்கி உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இப்பவும் இப்படித்தானே படுக்குறேன்” என்பாள். எனக்குப் புரைக்கேறும் அளவுக்குச் சிரிப்பு. புதுக்கோட்டையில் உன் வீட்டில் ஃபேன் ஓடுகிற அறையில் யார் படுத்தார்கள், அடுப்படியில் யார் சுருண்டு கிடந்தார்கள் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சிரித்தேன்.

ஒரு காட்சி எழுதி முடித்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். ஹலோ கிடையாது, சாப்பிட்டியா கிடையாது. “கடையில ஆளு இருக்கா? ஸ்பீக்கர்ல போடு” என்பாய். அடுத்த நொடி செங்கோதையாக மாறிப் பேச ஆரம்பித்துவிடுவாய். சாதிச் சான்றிதழுக்கும் பட்டா நகலுக்கும் நிற்கிறவர்கள் சிரித்தால் அந்தக் காட்சி பாஸ். சிரிக்காவிட்டால் கிழித்துப் போட்டுவிடுவாய். மெட்ராஸ் கார்ட்டூன் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாத உன் பரீட்சை ஹால் என் கடைதான்.

அன்றைக்குப் பதினோரு மணி இருக்கும். கடையில் ஏழெட்டுப் பேர். உன் பெயரைப் பார்த்ததும் நானே ஸ்பீக்கரை அமுக்கினேன். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நீ கேட்கவில்லை அக்கா. நீ அதைக் கேட்கவே இல்லை என்பது எனக்குச் சாயங்காலம்தான் உறைத்தது.

“நெஞ்சு மேல அம்மிக்கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்குடி. இடது கை மரத்துப்போயிருச்சு. அவருகிட்டச் சொன்னா, வாயுவாத்தான் இருக்கும், ஓமத்தண்ணியக் குடிச்சுட்டு மீனக் கழுவுங்கிறாரு.”

அம்மிக்கல் என்றதும் செங்கோதையின் குகைவீட்டு அடுப்படிதான் என் கண்ணில் வந்தது. கடையே சிரித்தது. கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்த மீன், மூணு கிலோ, மத்தியானம் அவருக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று நீ சொல்லச் சொல்ல, பெஞ்சில் இருந்த ஒருவர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு, “எல்லாரும் கேக்குறாங்களா?” என்றாய்.

நான் என்ன சொன்னேன்? “க்கா, பிரமாதம். அந்த மீன்ல மட்டும் கையே வைக்காத, அப்படியே இருக்கட்டும்.”

“சரிடி, வைக்கிறேன்” என்று போனை வைத்தாய்.

மீனில் கை வைத்தாய். கொல்லைக் குழாயடியில் பாதி மீன் கழுவின நிலையில் விழுந்து கிடந்தாயாம். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நான் பஸ் ஏறியிருந்தால் முக்கால் மணி நேரத்தில் உன் வாசலில் நின்றிருப்பேன். ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அதுகூட வேண்டாம்.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. வலிக்குது என்று மனுஷர்கள் சொல்கிற மாதிரி உனக்கு ஏன் சொல்ல வரவில்லை? அழுதால் அவர் அடிக்க வருவார், சிரிக்கவைத்தால் விட்டுவிடுவார் என்று இருபது வருஷம் பழகிக்கொண்டாயே, என்னிடமுமா? இல்லை, எங்கள் யாருக்கும் வேறு எப்படிச் சொன்னாலும் கேட்காது என்று தெரிந்து வைத்திருந்தாயா?

போன வாரம் வடகாட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பட்டா நகல் எடுக்க வந்தார். அன்று தொடையைத் தட்டிச் சிரித்தவர் அவர்தான். “ஏந்தாயி, ஒங்க அக்கா அன்னிக்குப் போன்ல சொன்னாங்கள்ல, நெஞ்சுவலியோட மீன் கழுவுற கதை, அது டிவியில எப்ப வருது? வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்” என்றார்.

“அது கதை இல்லீங்கய்யா. அக்கா அன்னிக்கே எறந்துருச்சு” என்றேன். முதல் தடவையாக ஒரு மனுஷரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நானும்ல சிரிச்சேன்” என்றார். நகலை எடுக்காமலே போய்விட்டார். இன்னும் வாங்க வரவில்லை.

அந்தப் போனில் பேசியது எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. நான் போகும்போதெல்லாம், “கடைசியா ஒன்கிட்ட என்னடி பேசுனா?” என்று கேட்கிறாள். “நல்லா இருக்கேன்னு சொன்னாம்மா” என்கிறேன். அதைக் கேட்டு அவள் முகம் ஆறுகிறது, அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குப் போய்விடுகிறேன்.

வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவளிடம் போகிறேன். நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் சொல்வேன், நான் சொன்னதையும் விடமாட்டேன். அவள் என்னை அடித்தால் வாங்கிக்கொள்வேன். அதற்கில்லை என் பயம். நீ சொன்னதை நீ சொன்ன மாதிரியே சொன்னால், மீன் வருகிற இடத்தில் அம்மாவும் சிரித்துவிடுவாள் அக்கா. உன் பேச்சு அப்படி. சிரித்தால் அவள் கையைப் பிடித்து நிறுத்தி, இது நிஜமாகவே நடந்தது அம்மா என்று சொல்வேன். சத்தியமாகச் சொல்வேன்.

எங்கே வலிக்கிறது என்று கேட்காமல் போன,
உன் கூடப்பிறந்தவள்,
வளர்மதி