கியர் நோட்டு

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதங்கி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? நீங்கள் வேளைக்கு மாத்திரை போடுகிறீர்களா?

நான் வாங்கிய பழைய ஆட்டோமேட்டிக் கார், இங்கே டாக்குரியா மேம்பாலத்தில் ஏறும்போது மூன்றாவது கியருக்கு மாறாமல் இரைந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஓரம் கட்டிவிட்டேன். எஞ்சினை அணைத்துவிட்டு கியர் ஆயிலைப் பார்த்தேன், சரியாகவே இருந்தது. மெக்கானிக் ஸ்வபன், எங்கே, எப்போது இப்படி ஆகிறதென்று ஒரு வாரம் நோட்டில் குறிக்கச் சொன்னார்.

குறித்தேன். வண்டி சூடான பிறகு, மேட்டில்தான் அப்படி ஆகிறது. இந்த வண்டியில் எஞ்சின் ஓடும்போதுதான் ஆயிலை அளக்க வேண்டுமாம்; அப்படி அவர் அளந்தபோது குறைவு. ஆயில் ஒழுகிய ரப்பர் சீல் ஒன்றை மாற்றிவிட்டார்.

நோட்டைத் திருப்பித் தரும்போது கேட்டார் (இங்கே அக்காவைத் தீதி என்பார்கள்): "தீதி, தினமும் சாயங்காலம் அவ்வளவு தூரம் பெஹாலா வரைக்கும் போயிருக்கீங்களே, அங்க சொந்தக்காரங்களா?"

"இல்ல, வண்டியச் சோதிக்கத்தான்."

"அதுக்கு ரெண்டு கிலோமீட்டர் போதுமே!" என்று சிரித்தார்.

பருப்புப்பொடி அனுப்புங்கள். ஞாயிறு மட்டுமல்ல, புதன்கிழமையும் போன் செய்யுங்கள், ஆறு மணிக்கு மேல் அறையில் சும்மாதான் இருப்பேன். மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

வண்டி சரியாகிவிட்டது, அப்பா. இனிமேல் சோதிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்ப முடியாது.

உங்கள்
மாதங்கி